நான்கு எண்களிலிருந்து ஒரு தூரம்: பூமியின் மேல் அளக்கும் கணக்கு, படிப்படியாக

கைபேசி வரைபடத்தில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் 48.8584, 2.2945 என்பது போல இரண்டு எண்கள் வரும். இன்னோர் இடத்தை அழுத்தினால் இன்னும் இரண்டு. இந்த நான்கு எண்களை வைத்துக்கொண்டு, இரண்டு இடங்களுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர், ஒன்றிலிருந்து மற்றொன்று எந்தத் திசையில் இருக்கிறது என்று நாமே கண்டுபிடிக்கலாம். பள்ளியில் படித்த சைன், கோசைன் நினைவிருந்தால் போதும். பக்கத்தில் ஒரு விரிதாளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்கையும் படிக்கும்போதே போட்டுப் பாருங்கள். வெறுமனே படித்தால் இது மனதில் நிற்காது.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களும் கோணங்கள். முதல் எண்ணான அட்சரேகை, பூமத்திய ரேகையிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எத்தனை டிகிரி என்று சொல்கிறது. -90 முதல் 90 வரை போகும். இரண்டாவதான தீர்க்கரேகை, கிரீனிச் வழியாகச் செல்லும் பூஜ்யக் கோட்டிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எத்தனை டிகிரி என்று சொல்கிறது. -180 முதல் 180 வரை. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். கோணத்தை நீளமாக மாற்றுவதுதான் முழு வேலையும். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கோணங்களை நேரடியாக நீளம் போலக் கூட்டிக் கழிப்பதால் வருபவை.

முதல் படி: எண்களைச் சுத்தம் செய்யுங்கள்

சூத்திரத்துக்கு அவசரப்பட வேண்டாம். உள்ளே போகும் எண் தவறாக இருந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

சில இடங்களில் அளவு 40°26′46″ என்று டிகிரி, நிமிடம், விநாடியாக எழுதப்பட்டிருக்கும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. ஆகவே 40 + 26/60 + 46/3600 = 40.4461. இதை அவசரத்தில் 40.2646 என்று அப்படியே தட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு தவறுக்கு விலை சுமார் 20 கி.மீ. தெற்கு, மேற்கு அளவுகளில் இன்னொரு பொறி இருக்கிறது: கழித்தல் குறி டிகிரிக்கு மட்டுமல்ல, நிமிடத்துக்கும் விநாடிக்கும் சேர்த்துத்தான். மேற்கு 0°7′30″ என்றால் -0.125. முன்னால் பூஜ்யம் இருப்பதால் பல நிரல்கள் குறியைத் தொலைத்துவிட்டு 0.125 என்று காட்டும்.

அடுத்தது வரிசை. வரைபடச் செயலிகள் பெரும்பாலும் அட்சரேகையை முதலில் காட்டும். ஆனால் ஜியோஜேசன் போன்ற கோப்பு வடிவங்களில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். இடம் மாறிப்போனால் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது; உங்கள் புள்ளி சத்தமில்லாமல் வேறொரு கண்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கோப்பைத் திறந்ததும் தெரிந்த ஓர் இடத்தை வரைபடத்தில் போட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தசம இலக்கங்கள். ஒரு டிகிரி சுமார் 111 கி.மீ. என்பதால், நான்காவது தசம இடம் 11 மீட்டரையும், ஐந்தாவது 1.1 மீட்டரையும், ஆறாவது 11 சென்டிமீட்டரையும் குறிக்கும். திறந்த வெளியில் ஒரு சாதாரணக் கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை தவறும். எனவே கைபேசியில் எடுத்த அளவுக்கு ஐந்து தசம இடம் தாராளம். பத்து இலக்கங்கள் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். மீதி இலக்கங்களில் எந்தத் தகவலும் இல்லை.

கடைசியாக ரேடியன், அதாவது கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு. விரிதாள்களும் நிரல் மொழிகளும் சைன், கோசைனுக்கு ரேடியனையே எதிர்பார்க்கின்றன. டிகிரியை 57.2958-ஆல் வகுத்தால் ரேடியன் கிடைக்கும். உங்கள் கருவி எதில் வேலை செய்கிறது என்று சந்தேகமாக இருந்தால் சைன் 30 கேட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி, -0.988 வந்தால் ரேடியன்.

எவ்வளவு பிழை பரவாயில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சூத்திரம் தேடுவது வீண் வேலை. பூமி ஏறக்குறைய ஒரு கோளம். இன்னும் நெருங்கிப் பார்த்தால் துருவங்களில் லேசாகத் தட்டையான ஒரு நீள்கோளம். இன்னும் நெருங்கினால் அதுவும் இல்லை. ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கும். எந்த அளவு நெருங்க வேண்டும் என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. "பக்கத்தில் இருக்கும் மருத்துவமனை எது" என்பதற்கு கோளமே அதிகம். விமானத் தூரத்துக்கும் கோளம் போதும். பிழை அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். நிலத்தின் எல்லையை அளப்பதென்றால் கோளம் உதவாது.

அருகருகே உள்ள இடங்கள்

சில பத்து கி.மீ.க்குள் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு பூமியின் வளைவை மறந்துவிட்டு பிதாகரஸ் தேற்றத்தையே பயன்படுத்தலாம். ஒரே ஒரு திருத்தம் வேண்டும், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வடக்கு தெற்காக ஒரு டிகிரி எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே நீளம்: கோளக் கணக்கில் 111,195 மீட்டர். கிழக்கு மேற்காக அப்படி இல்லை. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய் ஒன்றுசேர்கின்றன. பூமத்திய ரேகையில் 111 கி.மீ. இருக்கும் ஒரு டிகிரி, 60° அட்சரேகையில் பாதியாகி, துருவத்தில் பூஜ்யமாகிவிடும். எவ்வளவு சுருங்குகிறது என்பதைச் சொல்வது அட்சரேகையின் கோசைன்.

ஆகவே: வடக்கு தெற்கு நீளம் = அட்சரேகை வித்தியாசம் × 111,195. கிழக்கு மேற்கு நீளம் = தீர்க்கரேகை வித்தியாசம் × 111,195 × கோசைன்(இரண்டு அட்சரேகைகளின் சராசரி). இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள்.

போட்டுப் பார்ப்போம். 45° அட்சரேகைக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். அட்சரேகை வித்தியாசம் 0.0045, தீர்க்கரேகை வித்தியாசம் 0.0060. வடக்கு தெற்கு 500.4 மீ. கிழக்கு மேற்கு 471.8 மீ. தூரம் 687.7 மீ. கோசைனை விட்டிருந்தால் கிழக்கு மேற்கு 667 மீட்டர் ஆகி, மொத்தம் 834 மீட்டர் என்று வந்திருக்கும்.

இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். இங்கிருந்து 200 மீட்டர் கிழக்கே போனால் எந்தத் தீர்க்கரேகை? 200-ஐ 111,195 × கோசைன்(அட்சரேகை)-ஆல் வகுத்துக் கூட்டினால் போதும். "5 கி.மீ. சுற்றளவில் என்னென்ன இருக்கிறது" என்று ஆயிரக்கணக்கான புள்ளிகளில் தேடும்போது, முதலில் இந்த முறையில் ஒரு சதுரம் கட்டி வெளியே உள்ளதையெல்லாம் தள்ளிவிட்டு, உள்ளே மிஞ்சியதற்கு மட்டும் சரியான தூரம் கணக்கிடுவது நல்ல வழி.

தூரம் கூடும்போது: ஹேவர்சைன்

லண்டனை (51.5, -0.1) எடுத்துக்கொள்வோம், நியூயார்க்கை (40.7, -74.0) எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன பிதாகரஸ் முறை 5,823 கி.மீ. என்கிறது. கோசைனையும் விட்டுவிட்டால் 8,305 கி.மீ. இரண்டும் தவறு.

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி, அந்த இரண்டு புள்ளிகளையும் பூமியின் மையத்தையும் சேர்த்து வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் துண்டு. இதைப் பெருவட்டம் என்பார்கள். மையத்தில் நின்று பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு கோணம் இருக்கும். அந்தக் கோணத்தை ரேடியனில் கண்டுபிடித்து பூமியின் ஆரத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். கோணத்தைக் கண்டுபிடிக்க ஹேவர்சைன் சூத்திரம். 19ஆம் நூற்றாண்டில் மாலுமிகள் இதற்கென்றே அச்சிட்ட அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

அ1, அ2 என்பவை அட்சரேகைகள். தீ1, தீ2 என்பவை தீர்க்கரேகைகள் என்று வைத்துக்கொள்வோம்.

1. அட்சரேகை வித்தியாசத்தில் பாதியை எடுத்து, சைன் கண்டு, வர்க்கப்படுத்துங்கள். இங்கே வித்தியாசம் 10.8°, பாதி 5.4°. சைன் 0.09411, வர்க்கம் 0.00886.

2. தீர்க்கரேகை வித்தியாசத்துக்கும் அதையே செய்யுங்கள். 73.9°, பாதி 36.95°. சைன் 0.60112, வர்க்கம் 0.36134.

3. இரண்டாவதை கோசைன்(அ1) × கோசைன்(அ2)-ஆல் பெருக்குங்கள். 0.62251 × 0.75813 × 0.36134 = 0.17054.

4. முதலாவதோடு கூட்டுங்கள்: 0.17054 + 0.00886 = 0.1794. இதன் வர்க்கமூலம் 0.42355.

5. அதன் நேர்மாறு சைனை ரேடியனில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள்: 0.87472. மையத்தில் அமையும் கோணம் இதுதான்.

6. 6371-ஆல் பெருக்குங்கள்: 5,573 கி.மீ.

6371 கி.மீ. என்பது பூமியின் சராசரி ஆரம். சிலர் பூமத்திய ரேகை ஆரமான 6378-ஐப் போடுவார்கள். விடை 5,579 ஆகும். பெரிய குற்றமில்லை. ஆனால் ஒரே வேலைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

பழைய புத்தகங்களில் இதைவிடச் சின்னதாக, நேர்மாறு கோசைனில் முடியும் ஒரு சூத்திரம் இருக்கும். கணிதப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் சிறிய கோணங்களின் கோசைன் 0.99999999 என்று ஒன்றை ஒட்டியே நிற்கும். ஏழு இலக்கம் மட்டும் வைத்திருக்கும் ஒரு கருவியில் ஓரிரு கி.மீ.க்குள் உள்ள தூரமெல்லாம் பூஜ்யமாகிவிடும். ஹேவர்சைனில் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு இருக்கும் பலவீனம் மறுமுனையில்: பூமியின் நேர் எதிர்ப்பக்கத்தில் உள்ள புள்ளிகளுக்கு, நான்காம் படியில் வரும் எண் தசமப் பிழையால் ஒன்றைத் தாண்டிவிடலாம். தாண்டினால் ஒன்றாக்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

திசையும் நடுப்புள்ளியும்

எனக்கு இந்தக் கணிதத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் நம் உள்ளுணர்வை இது நேருக்கு நேர் மறுக்கிறது.

நியூயார்க் லண்டனைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் தெற்கே இருக்கிறது. அப்படியானால் லண்டனிலிருந்து புறப்படுபவர் தென்மேற்காகப் போக வேண்டும், இல்லையா? கணக்கைப் போடுவோம். புறப்படும் திசைக்கோணத்துக்கு இரண்டு எண்கள் வேண்டும். தீ2-இலிருந்து தீ1-ஐக் கழித்து வருவதை 'வி' என்போம்; இங்கே -73.9°.

கிழக்குப் பங்கு = சைன்(வி) × கோசைன்(அ2). விடை -0.7284.

வடக்குப் பங்கு = கோசைன்(அ1) × சைன்(அ2) − சைன்(அ1) × கோசைன்(அ2) × கோசைன்(வி). விடை 0.2414.

கிழக்குப் பங்கு கழித்தல், ஆக மேற்கே போகிறோம். வடக்குப் பங்கு கூட்டல்! வடமேற்காகக் கிளம்ப வேண்டும். இந்த இரண்டையும் ஏடேன்2 (ATAN2) என்ற சார்பிடம் கொடுத்தால் -71.7° வரும், 360 கூட்டினால் 288.3°. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என்று கடிகாரச் சுற்றில் எண்ணுவதால், இது நேர் மேற்கிலிருந்து 18 டிகிரி வடக்கே சாய்ந்த திசை.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு பூகோள உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை லண்டன் மேலும் மறுமுனையை நியூயார்க் மேலும் வைத்து இறுக்கி இழுங்கள். தளர்வாக இருக்கும்வரை நூல் எங்கு வேண்டுமானாலும் கிடக்கும்; இறுக இறுக அது வடக்கே நகர்ந்து, அயர்லாந்தைக் கடந்து, அட்லாண்டிக்கின் மேல் வளைந்து, பிறகு கனடாவின் கிழக்குக் கரைப் பக்கம் இறங்கி வரும். அந்த நூல் நிற்கும் இடம்தான் பெருவட்டம்.

பயணம் முழுக்க 288-ஐயே பிடித்துக்கொண்டு போனால் நியூயார்க் வராது என்பதையும் நூலே காட்டிவிடும். ஒவ்வொரு தீர்க்கரேகையையும் அது வெவ்வேறு கோணத்தில் வெட்டுகிறது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போகும் வழி வேறு. அது சற்று நீளமானது, ஆனால் 1569-இல் மெர்கேட்டர் வெளியிட்ட வரைபடத்தில் அது நேர்கோடாக விழும். மாலுமிகள் அந்த வரைபடத்தைக் கொண்டாடியது அதற்காகத்தான்.

நடுப்புள்ளியிலும் இதே கதை. இரண்டு அட்சரேகைகளின் சராசரி 46.1°. ஆனால் பெருவட்டத்தின் உண்மையான நடுப்புள்ளி 52.4° அட்சரேகையில் இருக்கிறது. அதாவது இரண்டு ஊர்களையும்விட வடக்கே! அட்சரேகைகளையும் தீர்க்கரேகைகளையும் சும்மா சராசரி எடுத்து "மையம்" கண்டுபிடிக்கும் நிரல்களை எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகரத்துக்குள் என்றால் சராசரி போதும். கண்டங்களுக்கு நடுவே போதாது.

ஏடேன்2 பற்றி ஒரு வார்த்தை. நிரல் மொழிகளில் கிழக்குப் பங்கை முதலில் கொடுக்க வேண்டும், வடக்குப் பங்கு இரண்டாவது. விரிதாள்களில் பெரும்பாலும் வரிசை தலைகீழ். நேர் கிழக்கே உள்ள ஒரு புள்ளிக்கு 90 வருகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டால் கவலையில்லை.

கோளம் போதாதபோது

பூமி உருண்டை அல்ல, சுழற்சியால் இடுப்புப் பகுதி சற்றுப் புடைத்திருக்கும் என்று நியூட்டன் சொன்னார். அதைச் சரிபார்க்க 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் இரண்டு குழுக்களை அனுப்பியது. 1735-இல் ஒன்று தென் அமெரிக்காவில் இன்றைய எக்வடோருக்கு. 1736-இல் மற்றொன்று மோபெர்துயி தலைமையில் வடதுருவ வட்டத்தை ஒட்டிய லாப்லாந்துக்கு. இருவருக்கும் ஒரே வேலை: வடக்கு தெற்காக ஒரு டிகிரி எவ்வளவு நீளம் என்று அளந்துவருவது. லாப்லாந்தில் ஒரு டிகிரி நீளமாக இருந்தது. நியூட்டன் சொன்னது சரி.

தட்டையான இடத்தில் டிகிரி எப்படி நீளமாகும் என்று தோன்றலாம். இப்படி யோசித்துப் பாருங்கள். அட்சரேகை மாறுகிறது என்றால் உங்கள் தலைக்கு நேர்மேலே உள்ள திசை சாய்கிறது என்று பொருள். தரை நன்றாக வளைந்திருக்கும் இடத்தில் கொஞ்ச தூரம் நடந்தாலே ஒரு டிகிரி சாய்ந்துவிடும். துருவத்தின் பக்கம் வளைவு குறைவு, எனவே அதே ஒரு டிகிரி சாய்வதற்கு இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். இன்றைய கணக்கில் பூமத்திய ரேகையில் ஒரு டிகிரி அட்சரேகை 110,574 மீட்டர். துருவத்தில் 111,694 மீட்டர்.

ஜிபிஎஸ் பயன்படுத்தும் பூமி மாதிரியின் பெயர் டபிள்யூஜிஎஸ் 84. அதன் பூமத்திய ரேகை ஆரம் 6,378,137 மீட்டர், துருவ ஆரம் சுமார் 6,356,752 மீட்டர். வித்தியாசம் 21 கி.மீ.க்குச் சற்று அதிகம். கோளத்தை விட்டு இதற்கு மாறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு.

பக்கத்துப் புள்ளிகள் என்றால் 111,195 என்ற ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, அந்தந்த அட்சரேகைக்கு உரிய நீளத்தைப் போடலாம். அட்சரேகையை 'அ' என்று வைத்தால், வடக்கு தெற்கில் ஒரு டிகிரி = 111,132.92 − 559.82 × கோசைன்(2அ) + 1.175 × கோசைன்(4அ) மீட்டர். கிழக்கு மேற்கில் ஒரு டிகிரி = 111,412.84 × கோசைன்(அ) − 93.5 × கோசைன்(3அ) + 0.118 × கோசைன்(5அ) மீட்டர். முன்பு போட்ட 687.7 மீட்டர் கணக்கை இப்படித் திரும்பப் போட்டால் 688.4 மீட்டர். எழுபது சென்டிமீட்டர் வித்தியாசம். பலருக்கு இது பொருட்டில்லை, சிலருக்கு இதுதான் எல்லாம்.

நீண்ட தூரத்துக்கு வின்சென்டி 1975-இல் வெளியிட்ட முறை பிரபலம். விடையை ஊகித்து, திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போய், மில்லிமீட்டருக்கும் கீழ் கொண்டுவந்துவிடும். நேர் எதிர்ப்பக்கப் புள்ளிகளில் மட்டும் அது முடிவில்லாமல் சுற்றும். 2013-இல் கார்னி வெளியிட்ட முறை அந்தக் குறையையும் நீக்கியது. இந்த இரண்டையும் கையால் எழுத முயலாதீர்கள். நன்கு சோதிக்கப்பட்ட நிரல் தொகுப்புகள் எல்லா மொழிகளிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. லண்டன், நியூயார்க் தூரத்துக்கு நீள்கோளக் கணக்கு, கோளக் கணக்கைவிடப் பத்துப் பதினைந்து கி.மீ. கூடுதலாகக் காட்டும்.

ஒரே எண், வேறு இடம்

கிரீனிச்சில் பழைய வானாய்வகத்தின் தரையில் பூஜ்யத் தீர்க்கரேகை ஒரு கோடாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு ஏற்றுக்கொண்ட கோடு. அதன் மேல் நின்று ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் பூஜ்யம் காட்டாது. கிழக்கே 102 மீட்டர் நடந்தால்தான் பூஜ்யம் வரும். கருவியில் பழுதில்லை. பழைய கோடு அந்த இடத்துத் தூக்குநூல் காட்டிய செங்குத்தை வைத்து வரையப்பட்டது. புதியது பூமியின் மையத்தை வைத்து வரையப்பட்டது. சுற்றியுள்ள நிலத்தின் ஈர்ப்பால் தூக்குநூல் இம்மியளவு சாய்கிறது.

எந்த மாதிரி பூமியில், எதை ஆதாரமாக வைத்து அளந்தோம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு டேட்டம் என்று பெயர். பழைய வரைபடங்கள் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு டேட்டத்தில் வரையப்பட்டவை. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இரண்டு டேட்டங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி விழலாம். பழைய வரைபடத்திலிருந்து எண் எடுத்தால், ஓரத்தில் அச்சிட்டிருக்கும் டேட்டத்தின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிலமே நகர்வதும் உண்டு: ஆஸ்திரேலியா ஆண்டுக்கு சுமார் 7 செ.மீ. வடகிழக்காகப் போவதால், அந்த நாடு தன் 1994 டேட்டத்தை 2020-க்குப் புதுப்பித்தபோது எல்லா அளவுகளும் ஏறக்குறைய 1.8 மீட்டர் நகர்ந்தன.

உயரத்துக்கும் இதே எச்சரிக்கை. ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது நீள்கோளத்திலிருந்து உயரம், கடல் மட்டத்திலிருந்து அல்ல. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டமே நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. அங்கே கப்பல் தளத்தில் நிற்பவருக்குத் திருத்தப்படாத உயரம் கழித்தலில் வந்தால் பயப்பட வேண்டியதில்லை.

வரைபடத்தின் மேல் அளப்பது

இணைய வரைபடங்களின் தட்டையான பரப்பில் உள்ள x, y எண்களை வைத்துத் தூரம் அளக்காதீர்கள். அவை மெர்கேட்டர் வகையைச் சேர்ந்தவை; 60° அட்சரேகையில் எல்லா நீளமும் இரட்டிப்பாகத் தெரியும். மீட்டரிலேயே வேலை செய்ய ஆசைப்பட்டால் யுடிஎம் நல்ல தேர்வு. உலகத்தை 6° அகலமுள்ள 60 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே தட்டையாக்கியது அது. ஒரே பட்டைக்குள் பிதாகரஸ் போதும். பட்டையின் நடுக்கோட்டில் கிலோமீட்டருக்கு 40 செ.மீ. குறைவாகக் காட்டும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். இரண்டு பட்டைகளின் எண்களை ஒன்றோடொன்று கழித்தால் வருவது வெறும் குப்பை.

நடந்த பாதையின் நீளம்

ஜிபிஎஸ் பதிவிலிருந்து நடந்த தூரத்தைக் கணக்கிட, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரங்களைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். விநாடிக்கு ஒரு புள்ளி பதிவாகும்போது நீங்கள் ஒரே இடத்தில் நின்றிருந்தாலும், ஒவ்வொரு புள்ளியும் ஓரிரு மீட்டர் அங்குமிங்கும் அலையும். அந்த அலைச்சலெல்லாம் கூட்டலில் சேரும், எதுவும் கழியாது. உட்கார்ந்திருப்பவர் கணக்கில் கிலோமீட்டர் ஏறுவது இதனால்தான். கடைசியாக ஏற்றுக்கொண்ட புள்ளியிலிருந்து, கருவி சொல்லும் பிழை அளவைத் தாண்டிய பிறகே புதிய புள்ளியை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்காக நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று குறைத்துவிடவும் கூடாது. வளைவுகளெல்லாம் வெட்டுப்பட்டுத் தூரம் குறைந்துவிடும். நடைக்கு 10 மீட்டர் இடைவெளி எனக்குச் சரியாகப் படுகிறது.

உங்கள் கணக்கைச் சோதிக்க

விரிதாளோ நிரலோ எழுதி முடித்ததும் கீழே உள்ளவற்றைக் கொடுத்துப் பாருங்கள். ஆரம் 6371 கி.மீ. என்று வைத்தால் இந்த விடைகள் வர வேண்டும்.

ஒரே புள்ளியை இருமுறை கொடுத்தால் 0, பிழைச்செய்தி வரக்கூடாது.

(0, 0) முதல் (0, 1) வரை 111.195 கி.மீ.

வடதுருவம் முதல் தென்துருவம் வரை 20,015 கி.மீ. தீர்க்கரேகைக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை மாறக்கூடாது.

(60, 0) முதல் (60, 180) வரை 6,672 கி.மீ. 10,008 வந்தால், துருவத்தின் மேல் போகாமல் அட்சரேகையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

(0, 179.5) முதல் (0, -179.5) வரை 111.195 கி.மீ. ஹேவர்சைனில் இது தானாகவே சரியாக வரும். பிதாகரஸ் முறையிலும் தேடல் சதுரத்திலும் வராது. தீர்க்கரேகை வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் 360-ஐக் கழியுங்கள், -180-க்குக் கீழே போனால் 360-ஐக் கூட்டுங்கள்.